திக்கற்றவளை இங்கிலீஷ் வழியாகக் கூட்டி வராதீர்கள்

மதிப்புக்குரிய தமிழ்ப் பதிப்பாளர்களுக்கு,

வணக்கம். ஜனவரிப் புத்தகக் காட்சிக்காக அச்சகத்துக்கும் ஆபீசுக்கும் நீங்கள் ஓடிக்கொண்டிருப்பீர்கள், நீளமான கடிதம் படிக்க நேரமிருக்காது, தெரியும். ஆனாலும் எழுதுகிறேன். போன வருஷம் ஒரு ஸ்டாலில் நின்று இதையே வாயால் சொன்னபோது பில் போட்டுக்கொண்டிருந்த தம்பி "மெயில் போடுங்க சார்" என்றார், போட்டேன், பதில் வரவில்லை. எந்த ஸ்டால் என்று சொல்லப் போவதில்லை. ஒருவரை மட்டும் பிடித்துத் திட்டினால் தீர்ந்துவிடுகிற விஷயமாக இது எனக்குத் தெரியவில்லை.

முதலில் கேட்க வந்ததைக் கேட்டுவிடுகிறேன். நெகார் ஜவாதியின் நாவலைத் தமிழில் கொண்டுவாருங்கள். 1969இல் ஈரானில் பிறந்தவர், ஈரான் மன்னர் ஷாவையும் எதிர்த்து, 1979 புரட்சியில் அவர் போனபின் ஆட்சிக்கு வந்த மதத்தலைவர் கோமெய்னியையும் எதிர்த்த குடும்பம், பதினோரு வயதில் அம்மாவோடும் சகோதரியோடும் குர்திஸ்தான் மலைகளைக் குதிரையில் தாண்டி பிரான்ஸ் போய்ச் சேர்ந்தவர். அவர் பிரெஞ்சில் எழுதிய 'தெஸொரியான்தால்' (மடலின் தலைப்பில் நான் 'திக்கற்றவள்' என்றது இதைத்தான்) 2016இல் பாரிஸில் வெளிவந்தது. 2018இல் டீனா கோவரின் ஆங்கில மொழிபெயர்ப்பு வந்து, அந்த வருஷமே அமெரிக்காவின் தேசியப் புத்தக விருதில் மொழிபெயர்ப்பு நூல்களுக்கான இறுதிப் பட்டியல் வரை போனது. கொண்டுவரும்போது அந்த இங்கிலீஷ் புத்தகத்தை மேஜையில் வைத்துக்கொண்டு தமிழாக்காதீர்கள், பிரெஞ்சிலிருந்து நேராகக் கொண்டுவாருங்கள். கோரிக்கை அவ்வளவுதான். மீதியெல்லாம் புலம்பல், நேரம் இல்லாதவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

புலம்பலுக்குக் காரணம் அந்த ஸ்டாலில் வாங்கிய ஒரு புத்தகம். ஈரானில் நடக்கும் கதை. எந்த மொழியிலிருந்து பெயர்த்தார்கள் என்பதற்கு உள்ளே ஒரு வரி கிடையாது. புரட்சி நாட்களைப் பற்றிய இடத்தில் "மூன்றாம் நாள் சந்தை மூடப்பட்டது" என்று வந்தது, நான் பங்குச் சந்தையைச் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டு நாலு பக்கம் போய்விட்டேன். அப்புறம் ஆட்கள் ஷட்டரை இறக்கிப் பூட்டினார்கள் என்று வந்தபோதுதான் விளங்கியது, பஜார்! பஜார் தெரு இல்லாத டவுன் நம் ஊரில் உண்டா? பாரசீகத்திலிருந்து எப்போதோ நம்மிடம் வந்து, நம் பாட்டிகள் வாயில் புழங்கி, தெருப்பலகையில் ஏறி உட்கார்ந்துவிட்ட சொல், சொந்த ஊர்க் கதைக்குள் வரும்போது இங்கிலீஷ் மார்க்கெட் ஆகி, அங்கிருந்து சந்தை ஆகிவிட்டது. இது வெறும் சொல் பிரச்சினை என்று விட்டுவிட முடியாது. தெஹ்ரான் பஜார் என்பது காய்கறி வாங்கும் இடமல்ல, வியாபாரிகளும் கைவினைஞர்களும் வட்டிக்குக் கொடுப்பவர்களும் மசூதிகளோடு பணத்தாலும் சம்பந்தத்தாலும் பின்னிக் கிடந்த ஒரு உலகம். 1978இல் அவர்கள் கடையடைத்ததும் வேலைநிறுத்தக்காரர்களுக்குக் காசு கொடுத்ததும்தான் ஷாவை ஆட்டிவைத்த காரணங்களில் ஒன்று. பஜாரைச் சந்தை ஆக்கினால் புரட்சியின் ஒரு கால் உடைந்துபோகிறது.

சரி, நம் நாவலுக்கு வருகிறேன். கதை எஸ்கலேட்டரில் தொடங்குகிறது. பாரிஸில் அப்பா தாரியுஸ் சத்ர் ஒருபோதும் எஸ்கலேட்டரில் ஏறமாட்டார். ஏன் என்று மகள் கேட்டதற்கு, அது அவர்களுக்கு என்கிறார். யார் அவர்கள்? அந்த ஊரைத் தன் ஊர் என்று நினைத்துக்கொண்டு காலையில் வேலைக்குப் போகிறவர்கள். ஓசியில் தங்கியிருக்கும் வீட்டில் ஃபேனைக் கூடக் கேட்காமல் போடமாட்டார்களே சில மனிதர்கள், அந்த மாதிரி. நாடு கடந்து வந்த ஒரு மனிதரைக் காட்ட விமான நிலையமோ கண்ணீரோ தேவைப்படவில்லை ஜவாதிக்கு, மெட்ரோ ஸ்டேஷனில் ஒரு படிக்கட்டு போதுமாக இருந்திருக்கிறது. முதல் பக்கத்திலேயே நான் விழுந்துவிட்டேன்.

அந்த அப்பாவின் கதையை மகள் கிமியா நமக்குச் சொல்வது பாரிஸில் ஒரு ஆஸ்பத்திரியின் காத்திருப்பு அறையில். குழந்தை உண்டாவதற்கான சிகிச்சைக்கு வந்து, மடியில் விந்து இருக்கும் குழாயை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். சுற்றிலும் ஜோடி ஜோடியாக ஆட்கள், இவள் மட்டும் தனியாக. ஆஸ்பத்திரியின் பெயர் கொஷான், இங்கிலீஷ் எழுத்தைப் பார்த்து எழுதினால் 'கொச்சின்' என்றாகிவிடும், அப்புறம் வாசகர் கேரளாவுக்கு ரயில் ஏறிவிடுவார். அங்கே காத்திருக்கிற நேரத்தில் அவள் மனது நாலாபக்கமும் ஓடுகிறது. வடக்கு ஈரானின் மாஸந்தரானில் 52 மனைவிகளோடு அந்தப்புரம் வைத்திருந்த கொள்ளுத்தாத்தா, நீலக் கண்ணோடு பிறந்த பாட்டி நூர், பெயரால் அல்லாமல் நம்பரால் அழைக்கப்படும் அப்பாவின் சகோதரர்கள், சாவாக் என்ற ஷாவின் ரகசியப் போலீஸ், மலையேற்றம், பாரிஸ், பங்க் இசை, பெண்ணை நேசிக்கும் பெண்ணாகத் தன்னைக் கண்டுகொள்வது எல்லாம் வரிசை இல்லாமல் வருகின்றன. புத்தகமே இசைத்தட்டு மாதிரி ஏ சைடு, பி சைடு என்று பிரிந்திருக்கிறது. கேசட் காலத்து ஆட்களுக்கு அந்தத் திருப்பிப் போடும் சத்தம் காதில் கேட்கும்.

இப்போது இங்கிலீஷ் ஏன் வேண்டாம் என்பதற்கு வருகிறேன். டீனா கோவர் நன்றாகத்தான் செய்திருக்கிறார், அவர் மேல் ஒரு குறையும் இல்லை. நான் முதலில் படித்ததே அவர் புத்தகத்தைத்தான். பிளஸ் டூவில் மார்க்குக்காக பிரெஞ்சு எடுத்துவிட்டு, வேலைக்குப் புதுச்சேரி வந்த பிறகு வெட்கப்பட்டு ஒழுங்காகப் படித்தவன் நான், இன்றைக்கும் அகராதி பக்கத்தில் இல்லாமல் ஒரு பக்கம் தாண்டமாட்டேன். அந்த அரைகுறை பிரெஞ்சோடு மூலத்தைத் திறந்தபோது கண்ணில் பட்டது ரொம்பச் சின்ன விஷயம். யார் யாரை 'நீ' என்கிறார்கள், யார் யாரை 'நீங்கள்' என்கிறார்கள் என்பது.

பிரெஞ்சில் 'த்யூ', 'வூ' என்று இரண்டு உண்டு. பாரசீகத்தில் 'தோ', 'ஷொமா'. தமிழில் நீ, நீங்கள். இந்த மூன்று மொழிக்காரர்களும் ஒரு மேஜையில் உட்கார்ந்தால் ஒருவர் வீட்டு மரியாதை இன்னொருவருக்குச் சொல்லாமலே புரியும். நடுவில் இங்கிலீஷைக் கொண்டுவந்து உட்கார வைத்தால் எல்லாரும் 'யூ' ஆகிவிடுகிறார்கள். பிறகு தமிழ் மொழிபெயர்ப்பாளர் ஒவ்வொரு உரையாடலிலும் ஊகிக்க வேண்டும், இந்த டாக்டர் கிமியாவை எப்படிக் கூப்பிட்டிருப்பார், இந்த மனைவி கணவனை எப்படிக் கூப்பிட்டிருப்பாள் என்று. பாதி ஊகம் சரியாக இருக்கும், மீதி பாதியில் நம் ஊர் வழக்கம் புகுந்துவிடும், கணவன் நீ என்பான், மனைவி நீங்கள் என்பாள். மூலத்தில் இல்லாத ஒரு பணிவை அந்தப் பெண்கள் தலையில் நாம் கட்டிவிடுவோம், கட்டினோம் என்பது நமக்கே தெரியாது.

உறவுமுறையும் இப்படித்தான், அங்கே கதை இன்னும் சுவாரஸ்யம். பாரசீகத்தில் நம்மைப் போலவே அப்பாவின் சகோதரர் வேறு, அம்மாவின் சகோதரர் வேறு. அவர் 'அமூ', இவர் 'தாயீ'. பிரெஞ்சில் இரண்டு பேரும் 'ஓங்கிள்'தான். ஆக பாரசீகத்தில் வாழ்ந்த குடும்பத்தை பிரெஞ்சில் எழுதும்போது ஜவாதி அந்த இடத்தில் கொஞ்சம் இழந்திருக்கிறார், அதைத் தமிழில் திரும்பப் பிடிக்கலாம். ஆனால் சும்மா வராது. "இரண்டாம் நம்பர் அங்கிள்" என்று போட்டுவிட்டால் முடிந்தது. பெரியப்பாவா சித்தப்பாவா என்று எழுத வேண்டுமென்றால் ஒவ்வொருவரும் தாரியுஸுக்கு மூத்தவரா இளையவரா என்று மொழிபெயர்ப்பாளர் ஒரு வம்சாவளி போட்டுச் சுவரில் ஒட்டிக்கொள்ள வேண்டும். அதற்கு அவருக்கு நேரம் கொடுக்க வேண்டும். 'ஜனவரிக்குள்ள முடிச்சிடுங்க' என்று செப்டம்பரில் கேட்டால் நடக்காது. (நீங்கள் கேட்பீர்கள் என்று எனக்குத் தெரியும், எனக்குத் தெரிந்த இரண்டு மொழிபெயர்ப்பாளர்களிடம் கேட்டிருக்கிறீர்கள்.)

இன்னொன்று, நாம், நாங்கள். பிரெஞ்சுக்கும் இங்கிலீஷுக்கும் இல்லாத வசதி. பிரெஞ்சில் இரண்டுக்கும் 'நூ'தான், கிமியா அதைச் சொல்லும்போதெல்லாம் தமிழில் ஒரு முடிவு எடுக்க வேண்டும், கேட்கிறவனைச் சேர்த்துக்கொள்கிறாளா, வெளியே நிறுத்துகிறாளா? நாடிழந்த குடும்பத்தின் கதையில் இதைவிடப் பெரிய கேள்வி ஒன்று இருக்கிறதா? ஒரு இடத்தில் அவள் சொல்கிறாள், இன்னொரு பண்பாட்டோடு கலப்பதற்கு முதலில் உன்னுடையதிலிருந்து கொஞ்சமாவது பிரிந்து உதிர வேண்டும் என்கிற மாதிரி. அப்படி உதிர்ந்துகொண்டிருக்கிற ஒருத்தி எந்தப் பக்கத்தில் 'நாங்கள் ஈரானியர்கள்' என்பாள், எந்தப் பக்கத்தில் 'நாம் பிரெஞ்சுக்காரர்கள்' என்பாள்? இதை வரி வரியாக யோசித்துச் செய்கிற ஒரு ஆள் கிடைத்தால், தமிழ்ப் பதிப்பு மூலத்தில் இல்லாத ஒரு வெளிச்சத்தைக்கூடக் காட்டும் என்பது என் நம்பிக்கை.

அப்பாவுக்கு நேர்ந்ததை அவள் நேராகச் சொல்லமாட்டாள், 'நிகழ்வு' என்பாள், முழுக்கப் பெரிய எழுத்தில். தமிழில் பெரிய எழுத்து ஏது? தடித்த எழுத்தில் போட்டுத் தப்பித்துக்கொள்ளலாம்தான். ஆனால் பேச முடியாத சாவு நடந்த வீடுகளில் நாம் எப்படிப் பேசிக்கொள்கிறோம் என்று யோசியுங்கள், "அது நடந்தப்புறம்", "அதுக்கு முந்தின வருஷம்". வெறும் 'அது' போதும், வீட்டில் எல்லாருக்கும் புரியும். நிகழ்வு என்ன என்பதை நான் இங்கே சொல்லமாட்டேன், நீங்கள் பின்னட்டையில் சொல்லிவிடாமல் இருந்தால் கும்பிடு போடுவேன்.

இதைத் திறந்த மடலாக எழுதுவதற்கும் ஒரு காரணம் இருக்கிறது. நாவலில் தாரியுஸ் பத்திரிகைக்காரர், ஷாவுக்கே கடிதம் எழுதுகிற ஆள். இது கற்பனையில் மட்டும் நடந்ததல்ல. ஈரானியப் புரட்சி என்றதும் நமக்கு கருப்பு அங்கியும் கூட்டமும்தான் ஞாபகம் வருகிறது, அந்தக் கூட்டங்கள் தெருவுக்கு வருவதற்கு முந்தைய வருஷம் அது கடிதங்களாக இருந்தது. அலி அஸ்கர் ஹாஜ் செய்யத் ஜவாதி என்ற எழுத்தாளர் ஷாவின் ஆட்சியைக் கண்டித்து எழுதிய நீண்ட கடிதங்கள் கையிலிருந்து கைக்குப் போயின. ஜூன் 1977இல் நாற்பது எழுத்தாளர்கள் கையெழுத்திட்டு பிரதமர் ஹொவேய்தாவுக்கு ஒரு திறந்த மடல் அனுப்பினார்கள், தங்கள் சங்கத்தை நடத்த விடுங்கள், தணிக்கையை நிறுத்துங்கள் என்று. அந்த அக்டோபரில் தெஹ்ரானில் ஜெர்மன் பண்பாட்டு மையமான கோத்தே நிறுவனத்தின் ஏற்பாட்டில் பத்து இரவுகள் கவிதை வாசிப்பு, கேட்க ஆயிரக்கணக்கில் கூடினார்கள். கவிதை கேட்க!

அதே ஜூன் மாதம் மூன்று அரசியல்வாதிகள் ஷாவுக்கு இன்னொரு கடிதம் எழுதினார்கள். கரீம் சஞ்சாபி, ஷாப்பூர் பக்தியார், தாரியுஷ் ஃபொரூஹர். 1906 அரசியல் சட்டத்தை மதியுங்கள், அரசியல் கைதிகளை விடுதலை செய்யுங்கள், பத்திரிகைகளை விடுங்கள், இவ்வளவுதான் கேட்டார்கள். அந்த மூன்று கையெழுத்துகளுக்கும் பிறகு என்ன ஆனது என்று பாருங்கள். பக்தியார் ஷாவின் கடைசிப் பிரதமர் ஆனார், முப்பத்தேழு நாள் ஆண்டார், பாரிஸுக்கு ஓடினார், 1991 ஆகஸ்டில் பாரிஸை ஒட்டிய சுரேனில் தன் வீட்டுக்குள்ளேயே கொல்லப்பட்டார். சஞ்சாபி புரட்சி அரசின் முதல் வெளியுறவு அமைச்சர் ஆனார், சில வாரத்தில் விலகினார், 1995இல் அமெரிக்காவில் இறந்தார். ஃபொரூஹர் அதே அரசில் தொழிலாளர் அமைச்சராக இருந்தார், ஊரைவிட்டுப் போகவே இல்லை, 1998 நவம்பரில் தெஹ்ரானில் அவரையும் மனைவி பர்வானேவையும் வீட்டுக்குள் புகுந்து குத்திக் கொன்றார்கள்.

ஒருமுறை ஒரு பதிப்பாள நண்பர், "ஈரான் நாவல் போட்டா மதத்துக்கு எதிரான புத்தகம்னு ஒரு பக்கம் கொண்டாடுவான், இன்னொரு பக்கம் திட்டுவான், எதுக்கு வம்பு" என்றார். அந்த மூவரின் கதைதான் என் பதில். புரட்சி செய்ததில் இடதுசாரிகள், தேசியவாதிகள், லிபரல்கள், முல்லாக்கள் எல்லாரும் இருந்தார்கள், ஜெயித்தது ஒரு தரப்பு, மற்றவர்களை ஜெயிலும் தூக்குமேடையும் விமான டிக்கெட்டும் பிரித்துக்கொண்டன. நாவலின் குடும்பம் இரண்டு ஆட்சியிலும் எதிர்த்தரப்பில் நிற்கிற குடும்பம். எந்தப் பக்கத்துக் கொண்டாட்டத்துக்கும் இந்தப் புத்தகம் சரிப்பட்டு வராது.

பாரசீகச் சொற்களைப் பற்றி இன்னும் கொஞ்சம். கொள்ளுத்தாத்தாவின் பட்டப்பெயர் மொந்தஸெமொல்மொல்க். இங்கிலீஷ் எழுத்துகளில் அதைப் பார்த்தால் பல் உடைந்துவிடும். ஆனால் பள்ளிக்கூடச் சரித்திரத்தில் நிஜாம் உல் முல்க் என்று படித்தவர்கள்தானே நாம்? அதே முல்க்தான் இது. 'முந்தஸிமுல்முல்க்' என்று எழுதினால் ஒரு நவாப் கண்ணுக்குத் தெரிவார். நூர் என்றால் ஒளி என்று நூர்ஜஹான் தெரிந்த யாருக்கும் அடிக்குறிப்பு வேண்டாம். கிமியா என்றால் ரசவாதம், இமாம் கஸ்ஸாலியின் 'கீமியா' நூலைப் பற்றிக் கேள்விப்பட்ட தமிழ் முஸ்லிம் வாசகர் அந்தப் பெயரைப் பார்த்ததும் நிமிர்ந்து உட்காருவார். தர்பார், திவான், குமாஸ்தா, சிபாரிசு, தஸ்தாவேஜு, பந்தோபஸ்து, பாதாம், பிஸ்தா, உஷார், குஷி, இத்தனையும் நம்மிடம் ஏற்கெனவே இருக்கின்றன. கொஞ்சம் காது கொடுத்தால் இந்த நாவல் தமிழில் அந்நியமாகவே ஒலிக்காது.

அதற்காக இங்கிலீஷ் வழியாக வந்ததெல்லாம் குப்பை என்று நான் சொல்லவில்லை. கவிமணி உமர் கய்யாமைத் தமிழாக்கியது ஃபிட்ஸ்ஜெரால்டின் ஆங்கிலத்திலிருந்துதான், அந்தப் பாட்டு இன்றைக்கும் ஆட்களுக்கு மனப்பாடம். ஆனால் அதில் கய்யாமின் கையில் கம்பன் கவி இருக்கிறது! ஒரு பாட்டுக்கு அது அழகு. நாவலுக்கு அந்த உரிமையை எடுத்துக்கொண்டால் தாரியுஸ் சத்ர் மயிலாப்பூர்க்காரர் ஆகிவிடுவார். அப்புறம், கவிமணிக்கு வேறு வழி இருந்திருக்காது. உங்களுக்கு இருக்கிறதே.

பிரெஞ்சு தெரிந்த ஆள் எங்கே என்று கேட்காதீர்கள். காம்யுவின் 'அந்நியன்', செந்த் எக்சுபரியின் 'குட்டி இளவரசன்' இரண்டையும் பிரெஞ்சிலிருந்து நேராகக் கொண்டுவந்தார் வெ. ஸ்ரீராம், இரண்டாவதை ச. மதனகல்யாணியோடு சேர்ந்து, க்ரியா வெளியிட்டது, இன்றைக்கும் விற்கிறது. புதுச்சேரி இருக்கிறது. அதைவிட முக்கியமாக பாரிஸே இருக்கிறது. லா ஷப்பேல் பக்கம் போனால் கடைப்பலகையிலேயே தமிழும் பிரெஞ்சும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். ஈழத்திலிருந்து போய் அங்கே வளர்ந்த பிள்ளைகள் இருக்கிறார்கள், பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சு, வீட்டில் யாழ்ப்பாணத் தமிழ். அப்பா ஏன் எஸ்கலேட்டரில் ஏறவில்லை என்பதை அந்தப் பிள்ளைகளுக்கு யாரும் விளக்கவேண்டியதில்லை. அவர்களில் ஒருவரை நீங்கள் தேடிப் பிடித்தால், அவர் எழுதுகிற தமிழில் கொஞ்சம் யாழ்ப்பாணம் வாடை அடித்தால், 'பொதுத்தமிழ்' ஆக்குகிறேன் என்று அதை இஸ்திரி போட்டுவிடாதீர்கள். கிமியாவின் பிரெஞ்சும் அகதியாகப் போன இடத்தில் கற்றுக்கொண்ட மொழிதான்.

பணத்துக்கும் வழி இருக்கிறது. பிரெஞ்சு நூல்களை இந்திய மொழிகளில் பதிப்பிக்க பிரான்ஸ் தரப்பிலிருந்தே தாகூர் பெயரில் ஒரு பதிப்புதவித் திட்டம் உண்டு. 2023 முதல் சென்னையில் பன்னாட்டுப் புத்தகக் காட்சி நடக்கிறது, உரிமை பேசுவதற்கென்றே. இதெல்லாம் என்னைவிட உங்களுக்குத்தான் நன்றாகத் தெரியும். ஆனால் உரிமை வாங்காமல் சத்தமில்லாமல் போட்டுவிடுகிற பழக்கம் சிலரிடம் இன்னும் இருப்பதால் சொல்லிவைக்கிறேன்.

மொழிபெயர்ப்பாளர் பெயருக்கு வருவோம், இதில் எனக்குக் கோபம் அதிகம். ஷொகூஃபே ஆசர் என்று இன்னொரு ஈரானிய எழுத்தாளர், ஆஸ்திரேலியாவில் அகதியாகச் சேர்ந்தவர். அதே புரட்சியில் சிதறிய ஒரு குடும்பத்தைப் பற்றி பாரசீகத்தில் அவர் எழுதிய நாவல் இங்கிலீஷில் வந்து 2020இல் சர்வதேச புக்கர் இறுதிப் பட்டியலில் இருந்தது. அதன் மொழிபெயர்ப்பாளர் யார் என்று பார்த்தால் பெயர் இல்லை, பாதுகாப்பு கருதி வெளியிடவில்லை. பெயர் தெரிந்தால் அந்த ஆளுக்கு ஆபத்து, அதனால் மறைத்தார்கள். நம் ஊரில் என்ன ஆபத்து? நான் வாங்கிய அந்த 'சந்தை' புத்தகத்தில் பெயர்த்தவர் பெயர் நாலாம் பக்கத்தில், அச்சகத்தின் விலாசத்துக்கு மேலே, அதே அளவு எழுத்தில் இருந்தது. நான் குறை சொல்கிற மொழிபெயர்ப்பாளர்தான் அவர், ஆனாலும் அந்தப் பெயர் அட்டையில் இருந்திருக்க வேண்டும், திட்டுவதற்காவது வேண்டும். சர்வதேச புக்கரில் 50,000 பவுண்டை எழுதியவருக்கும் பெயர்த்தவருக்கும் சரிபாதியாகப் பிரித்துக் கொடுக்கிறார்கள், 2025இல் பானு முஷ்தாக்கின் கன்னடக் கதைகளுக்குக் கிடைத்தபோது தீபா பஸ்தியும் மேடையில் பக்கத்தில் நின்றார். பாதிப் பணம் கொடுங்கள் என்று நான் கேட்கவில்லை, மயக்கம் போட்டுவிடாதீர்கள். அட்டையில் பெயரும், உள்ளே 'பிரெஞ்சிலிருந்து' என்று ஒரு சொல்லும் கேட்கிறேன்.

அட்டை என்றதும் ஞாபகம் வருகிறது. முக்காட்டுக்குள்ளிருந்து இரண்டு கண் மட்டும் பார்க்கிற பெண் படத்தை தயவுசெய்து போடாதீர்கள். கிமியா பங்க் பாட்டு கேட்டு வளர்ந்து சவுண்ட் இன்ஜினியர் ஆனவள். 1979 மார்ச் 8, புரட்சி ஜெயித்து ஒரு மாதம்கூட ஆகாத நிலையில், முக்காடு கட்டாயம் என்ற பேச்சை எதிர்த்து தெஹ்ரான் தெருவில் ஆயிரக்கணக்கில் இறங்கிய பெண்கள் இருக்கிற ஊர் அது. எஸ்கலேட்டர் படம் போடுங்கள், கேசட் படம் போடுங்கள். முப்பது பக்க முன்னுரையும் வேண்டாம். நடுநடுவே கிமியாவே நம்மிடம் திரும்பி, விக்கிபீடியாவில் தேடும் சிரமத்தைக் குறைக்கிறேன் என்று சரித்திரத்தைச் சொல்லிவிட்டு, விட்ட இடத்திலிருந்து கதையைத் தொடர்வாள். அவளை முந்திக்கொண்டு ஒரு பெரிய மனிதர் உள்ளே வந்து ஈரான் வரலாறு எடுத்தால் அவள் என்ன செய்வாள் பாவம்.

தலைப்பைப் பற்றி ஒரு யோசனை. மூலத்தலைப்பு ஒரு சிலேடை, திசை தப்பியவள், கீழ்த்திசைக்காரி இரண்டையும் ஒன்றாகக் கோர்த்துச் செய்த சொல். இங்கிலீஷில் ஓரிரு எழுத்தைத் தட்டி 'டிஸோரியன்டல்' என்று அப்படியே கொண்டுபோய்விட்டார்கள், அந்த மொழிக்கு அது சுலபம். தமிழில் நான் பல நாள் மண்டையை உடைத்துக்கொண்டேன். 'கிழக்கிழந்தவள்' என்று ஒன்று தோன்றியது, கொஞ்சம் கவிதைத் தொகுப்பு மாதிரி இருக்கிறது, விட்டுவிட்டேன். அப்புறம் ஒருநாள் பஸ்ஸில் போகும்போது 'திக்கற்றவள்' என்று வந்து விழுந்தது. திக்கு என்றால் திசை, திக்கில்லை என்றால் ஆதரவில்லை, போக்கிடம் இல்லை. கிழக்கு இதில் வரவில்லை, வாஸ்தவம். ஆனால் பிரெஞ்சுத் தலைப்பில் இல்லாத ஒரு வலி வந்து சேர்ந்திருக்கிறது. உங்களுக்குப் பிடித்தால் எடுத்துக்கொள்ளுங்கள், ராயல்டி வேண்டாம்.

"நல்லா இருக்கு, ஆனா விக்காது சார்" என்பீர்கள். இருக்கலாம். மர்ஜான் சத்ரபியின் ஈரான் படக்கதை தமிழில் வந்தபோதும் யாராவது அப்படிச் சொல்லியிருப்பார்கள், அது இன்னும் என் அலமாரியில் முதுகு பிய்ந்து, மூன்று பேர் இரவல் வாங்கித் திருப்பிக் கொடுத்த நிலையில் இருக்கிறது. நாலாவது ஆள் திருப்பித் தரவில்லை, இரண்டாவது பிரதி வாங்க வேண்டியதாயிற்று.

உங்களில் யாராவது ஏற்கெனவே உரிமை வாங்கி, பிரெஞ்சிலிருந்தே வேலை நடந்துகொண்டிருக்கிறது என்றால் ஒரு வரி போடுங்கள், இந்த மடலை வாபஸ் வாங்கிக்கொண்டு ஐந்து பிரதிக்கு முன்பணம் கட்டிவிடுகிறேன். இங்கிலீஷிலிருந்து நடந்துகொண்டிருக்கிறது என்றால் அதையும் சொல்லுங்கள். நீ, நீங்கள் வருகிற இடங்களையாவது மூலத்தோடு ஒப்பிட்டுக் குறித்துத் தருகிறேன், காசு வேண்டாம், டீ வாங்கிக் கொடுத்தால் போதும்.

அன்புடன்,
புதுச்சேரியிலிருந்து ஒரு வாசகன்